மறுதாம்பு நெல்லும் சோளமும்: ரகம் பார்ப்பதா, பருவம் பார்ப்பதா?

வரப்போரம்:

வணக்கம். நெல்லில் மறுதாம்பு, அதாவது அறுத்த தாளிலிருந்தே மறுபடி தளிர்க்கும் பயிர், விடுவதற்கான ரகத் தேர்வு பற்றி ஒரு சந்தேகம். ஒரே ரகம் ஓரிடத்தில் தாய்ப்பயிர் விளைச்சலில் பாதியை மறுதாம்பிலும் கொடுக்கிறது. வேறோரிடத்தில் கதிர் விட்டும் பதராகிப் போகிறது. "மறுதாம்புக்கு ஏற்ற ரகங்கள்" என்ற பட்டியலை நம்பி எந்தப் பருவத்திலும் விடலாமா?

கணக்குப் போட வசதியாக ஒரு நிலவரம் தருகிறேன். 125 நாள் இண்டிகா (வெப்பநாட்டு நெல் வகை) ரகம், வடிகால் உள்ள களிமண் வயல். தாய்ப்பயிர் அறுக்கும் நாளில் சராசரி வெப்பம் 28 டிகிரி செல்சியஸ். அதன் பிறகு 75 நாளில் அது மெல்ல 20-க்கு இறங்கும். அறுப்பு உயரம், உரம், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? சோளம் தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

கணுமொட்டு:

பட்டியலுக்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

மறுதாம்பில் விதை முளைப்பது கிடையாது. அறுத்த தாளின் கணுக்களில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள்தான் எழுகின்றன. மேல் கணு மொட்டுகள் தாய்ப்பயிர் மணி பிடிக்கும் காலத்திலேயே நீளத் தொடங்கிவிடும். சிலவற்றில் அறுவடைக்கு முன்பே கதிர்க்குருத்தும் உருவாகத் தொடங்கியிருக்கும். அதனால் மேல் கணுத் தூர் சில இலைகளோடு சட்டென்று கதிர் தள்ளும். கதிர் சிறியது. அடிக்கணுத் தூர் தனக்கென்று வேர் விட்டு, இலைகளைக் கூடுதலாகப் போட்டு, தாமதித்துப் பெரிய கதிர் விடும்.

ஆகவே அறுப்பு உயரம்தான் மறுதாம்பின் வயதைத் தீர்மானிக்கிறது. 35–45 செ.மீ. தாள் விட்டால் மேல் கணுக்கள் தங்கும். பயிர் பெரும்பாலும் 50–65 நாளில் முடியும். 10–15 செ.மீ.க்கு இறக்கி அறுத்தால் பத்து முதல் இருபது நாள் தள்ளிப்போகும். நாள் கைவசம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பருவம்தான் சொல்லும்.

பதருக்குக் காரணம் பெரும்பாலும் குளிர். இண்டிகா ரகங்கள் பூக்கும்போது நாளின் சராசரி வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 22–23 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வெடிக்காது, மணி பிடிக்காது. குளிர் தாங்கும் நெல் வகையான ஜப்பானிக்கா ரகங்கள் 20 டிகிரி வரை தாங்கும். அதைவிட நுட்பமான கட்டம் கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முந்தியது. அப்போது கதிர் பொதிக்குள் இருக்கும், மகரந்தம் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் இரவுக் குளிர் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கதிர் அழகாக வரும், அத்தனையும் சாவி. பலரும் "பூக்கும்போது வெயில் நன்றாகத்தானே இருந்தது" என்று குழம்புவது இதனால்தான்.

வெயிலும் அப்படித்தான். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மலட்டு மணிகள் பெருகும்.

உங்கள் இடத்தில் நெல் பூக்கக்கூடிய கடைசி நல்ல நாள் எது என்று முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி அறுப்பு உயரம், தாய்ப்பயிர் விதைப்பு நாள், ரகத்தின் வயது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள். ரகத்தின் பெயர் கடைசியில்தான் வரும்.

தூர்க்கணக்கு:

வரப்போரம் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். நெல்லுக்கு அடி வெப்பம், அதாவது அதற்குக் கீழே பயிர் வளராத வெப்பம், 10 டிகிரி என்று வையுங்கள். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியும் நாளுக்கு ஓர் அலகு. 28 டிகிரி நாளில் பயிர் 18 அலகு சேர்க்கும், 22 டிகிரி நாளில் 12 மட்டுமே.

ஒரு ரகம் 28 டிகிரி நிலையாக இருக்கும்போது உயர அறுப்பில் 30 நாளில் கதிர் விடும் என்று கொள்வோம். அதற்குத் தேவை 540 அலகு. தாழ அறுத்து 45 நாளில் விடும் என்றால் 810 அலகு. உங்கள் நிலவரத்தில் வெப்பம் நாளுக்கு 0.107 டிகிரி வீதம் குறைகிறது. 540 அலகு சேர 33 நாள் ஆகும். அன்றைய சராசரி 24.4 டிகிரி. 810 சேர 53–54 நாள் ஆகிவிடும், அன்று 22.3 டிகிரி. சராசரி 23-ஐத் தொடுவது 47-ஆம் நாள்.

உயர அறுத்தால் கதிர் வெளிவரத் தொடங்கி இரண்டு வாரம் பூத்து முடிக்க இடம் இருக்கிறது. தாழ அறுத்தால் தொடங்கும்போதே எல்லை தாண்டிவிட்டது. ரகம் ஒன்று, வயல் ஒன்று, உரம் ஒன்று. அரிவாள் வைத்த உயரத்தில் மட்டும் வேறுபாடு.

30, 45 என்பவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் ரகத்துக்கு அறுவடை நாளிலிருந்து பாதிக் கதிர் வெளிவந்த நாள் வரையிலான தினசரி வெப்பத்தைக் குறித்துவைத்தால், ஒரே பருவத்தில் உங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

நெடுந்தாள்:

> ரகத்தின் பெயர் கடைசியில்தான் வரும்

இதை முழுதாக ஏற்க முடியவில்லை. வெப்பம் ஒத்துழைத்தாலும் மொட்டு எழ உணவு வேண்டும். அறுத்த தாளில் இலை அதிகம் இல்லை. முதல் வாரம் முழுக்கத் தண்டிலும் இலையுறையிலும் சேர்ந்துள்ள மாவும் சர்க்கரையும்தான் சோறு. தாய்ப்பயிரில் மணியை நிரப்பத் தண்டைச் சுத்தமாக வழித்துக் கொடுத்துவிடும் ரகங்கள் உண்டு. அவை தாய்ப்பயிரில் பிரமாதம், மறுதாம்பில் ஒல்லித் தூர். கதிர் பழுக்கும்போதும் தண்டும் மேல் இலைகளும் பச்சையாக நிற்கும் ரகங்கள்தான் மறுதாம்புக்கு ஆகும். அது ரகத்தின் குணம்.

வயலில் பார்த்துத் தேர்வு செய்ய இவை போதும்: அறுவடை நாளில் தண்டை விரலால் நசுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும், மேல் இரண்டு இலைகளாவது பச்சையாக இருக்க வேண்டும், பயிர் சாய்ந்திருக்கக் கூடாது. சாய்ந்த தாளில் மொட்டுகள் அறுவடைக்கு முன்பே தாறுமாறாக எழும்பிவிடும். இயந்திரம் அவற்றையும் சேர்த்து வெட்டிவிடும்.

கணுமொட்டு:

நெடுந்தாள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சேமிப்பும் பருவத்துக்குத் தக்கபடி மாறும். மணி நிரம்பும் மாதத்தில் வானம் மூடியே இருந்தால் இலை சமைப்பது குறையும். கதிர் தண்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இரவு வெப்பம் அதிகமாக இருந்தால் பயிர் மூச்சுவிட்டே சர்க்கரையைச் செலவழிக்கும். பச்சைத்தாள் ரகம்கூட மழைமூட்டத்தில் பழுத்தால் மறுதாம்பில் இளைத்துத்தான் வரும். அந்த ஆண்டு மறுதாம்பை விட்டுவிட்டு உழுவதே மேல் என்று முடிவு எடுக்கவும் தயங்கக் கூடாது.

நீர்க்கட்டு:

தண்ணீர் பற்றி யாரும் எழுதவில்லை. நல்ல பருவத்தில்கூட மறுதாம்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அறுவடைக்கு முன் வயல் இறுகியிருக்க வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது. களிமண்ணில் 10–15 நாள் முன்பே வடிக்கத் தொடங்குங்கள். காலடி பதிய வேண்டும், புதையக் கூடாது. அறுத்தவுடன் வெள்ளம் கட்டுவது தாழ அறுத்த வயலில் பெரும் தவறு. வெட்டிய தாள் குழல் போலத் திறந்திருக்கிறது. தண்ணீர் அதற்கு மேல் நின்றால் உள்ளே இறங்கி அடிக்கணு வரை அழுகும். முதல் ஐந்தாறு நாள் மண் ஈரமாக இருந்தால் போதும். தூர் எழும்பிப் பச்சை கட்டிய பிறகு 2–5 செ.மீ. நீர், பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக. பூக்கும் பத்து நாள் மட்டும் நீரைக் காய விடாதீர்கள்.

கோடையில் அறுத்தால் கதை நேர்மாறு. சுடுவெயிலில் உயரத் தாள் மேலிருந்து காய்ந்து வரும். நமக்கு வேண்டிய மேல் கணு மொட்டுகள்தான் முதலில் சாகும். அறுத்த அன்றோ மறுநாளோ ஈரம் கொடுத்தாக வேண்டும். உயர அறுப்பு என்பதால் 2–3 செ.மீ. நீர் நிறுத்தினாலும் வெட்டுவாய்க்குள் போகாது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் கடும் வெயிலில் தாய்ப்பயிர் பழுக்கும். அங்கே அறுவடைக்கு முன்னும் பின்னும் மொட்டைக் காக்கத் தண்ணீர் விடுவதைத் தனி வேலையாகவே செய்கிறார்கள்.

அடுத்தது இயந்திரம். அறுக்கும் அகலம் 2 மீட்டர், இரண்டு செயின் பட்டைகளும் தலா 45 செ.மீ. என்றால் ஒவ்வொரு 200 செ.மீ.க்கும் 90 செ.மீ. நசுங்குகிறது. வயலில் கிட்டத்தட்ட 45 சதவீதம்! நசுங்கிய பட்டையில் மேல் கணு போய்விடும். அடிக்கணுதான் எழும், அதுவும் தாமதமாக. குளிரை நோக்கிப் போகும் பருவத்தில் அந்தப் பட்டை முழுவதும் பச்சையாகவே நிற்கும். அகலமான வெட்டுவாய், வயலுக்குள் குறுக்கே திரும்பாமல் நீளவாக்கில் ஓட்டுவது, கொட்டும் வண்டியை வரப்போரத்தில் நிறுத்துவது என்று எப்படியாவது மிதிபடும் பரப்பைக் குறையுங்கள். சேற்றில் இறக்கினால் மறுதாம்பை மறந்துவிடலாம்.

வரப்போரம்:

உயர அறுப்பு என்று முடிவு செய்துவிட்டேன். உரம் எப்போது? அறுத்த பிறகு யூரியா போட்டால் போதாதா?

கணுமொட்டு:

உயர அறுப்பு என்றால் போதாது. மேல் கணு மொட்டு அறுவடைக்கு முன்பே வளர்கிறது என்று சொன்னேனே, அதற்குரிய உணவும் முன்பே போக வேண்டும். தாய்ப்பயிர் கதிர் விட்டு 15–20 நாளில் எக்டேருக்கு 40–60 கிலோ தழைச்சத்து, அதாவது 87–130 கிலோ யூரியா. வயலில் மெல்லிய நீர் இருக்கும்போது போட்டு அப்படியே சுண்ட விடுங்கள். அறுத்து மூன்று நாளுக்குள் இன்னொரு 60 கிலோ தழைச்சத்து. இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் தூர் உயரும், கதிர் கூடாது, முதிர்ச்சியும் பிந்தும்.

முதல் தவணைக்கு ஒரு விலக்கு. தாய்ப்பயிர் ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தாலோ, சாயும் போலத் தெரிந்தாலோ, சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி தலைகாட்டினாலோ போடாதீர்கள். தாழ அறுப்புக்கு முதல் தவணையால் பயனும் குறைவு. முழுவதையும் அறுவடைக்குப் பின் கொடுக்கலாம். மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் தாய்ப்பயிருக்கே சரியாகக் கொடுத்திருந்தால் சாம்பல் சத்தில் மட்டும் கொஞ்சம் இரண்டாவது தவணையோடு சேருங்கள்.

நெடுந்தாள்:

உயர அறுப்பு எல்லா இடத்துக்கும் விதி ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் பரவிய சாலிபு முறையில் அறுவடை முடிந்து 7–10 நாளில் தாளை மறுபடியும் 3–5 செ.மீ.க்கு வெட்டுகிறார்கள். அடிக்கணுத் தூர் மண்ணிலேயே வேர் பிடித்து, கிட்டத்தட்டப் புது நடவு போலப் பெருகும். விளைச்சல் தாய்ப்பயிருக்கு அருகில் வரும், நாளும் அதிகம் ஆகும். அங்கே நிலநடுக்கோட்டுக்கு அருகில் வெப்பம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் முடிகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் தாய்ப்பயிர் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் வயலை விட்டு வெளியேற வேண்டும் என்பதே கட்டளை. பிந்தினால் இலையுதிர்காலக் குளிர் பிடித்துக்கொள்ளும்.

செஞ்சாமரம்:

சோளத்துக்கு வருகிறேன். நெல்லை ஒப்பிட்டால் சோளத்தின் மறுதாம்பு திடமானது. வேர் ஆழத்தில் உயிரோடு இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாக இருக்கிறது. 15 செ.மீ. தாள் விட்டு அறுக்க வேண்டும். முதலில் வரும் இரண்டு தளிர்களைக் கிள்ளிவிட்டு, பிந்தி வரும் இரண்டை மட்டும் குத்துக்கு விட வேண்டும். அறுத்த 24 மணி நேரத்துக்குள் தண்ணீர், 3-ஆம் அல்லது 4-ஆம் நாள் மறுபடியும், பிறகு 7–10 நாளுக்கு ஒருமுறை. எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்தை 15-ஆம் நாளும் 45-ஆம் நாளுமாகப் பிரிக்க வேண்டும். 50 கிலோ மணிச்சத்து முதல் தவணையோடு. களை 15, 30-ஆம் நாட்களில். வயது தாய்ப்பயிரைவிட ஏறத்தாழ 15 நாள் குறைவு.

தளிர் கழிப்பதைச் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். முதலில் வருபவை பெரும்பாலும் மேல் கணுத் தளிர்கள்; அவற்றுக்குச் சொந்த வேர் இல்லை, காற்றில் கழன்று விழும். நெல்லில் மேல் கணுவைக் காப்பாற்றச் சொல்கிறோம், சோளத்தில் கழிக்கச் சொல்கிறோம். நெல்லில் அவசரம் நாளுக்கு. சோளத்தில் ஒற்றைத் தண்டு கனத்த கதிரைத் தாங்க வேண்டும்.

பருவம் சோளத்தை மூன்று வழியில் அடிக்கும். தளிர் விடும் முதல் மூன்று நான்கு வாரம் குருத்து ஈ பெருகும் காலத்தில் விழுந்தால் நடுக்குருத்து காய்ந்து, பக்கத்தில் பக்கத்தில் தூர் எழும்பிக் கொண்டே இருக்கும். கதிர் ஒருசேர வராது. பூக்கும்போது குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் தேன் ஒழுகல் நோய். மகரந்தம் உருவாகும்போது இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மலட்டுத்தன்மை. மறுதாம்பில் இந்த மூன்றில் எது எப்போது வரும் என்று தாய்ப்பயிர் விதைக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இளம் மறுதாம்புத் தளிரில் சயனைடு நஞ்சு உருவாகும் பொருள் மிகுதி. வறட்சியிலும் உறைபனிக்குப் பின் வரும் தளிரிலும் இன்னும் அதிகம். முழங்கால் உயரத்தில் மேய விட்டால் மாடு நிமிடங்களில் சாகலாம். குறைந்தது 60 செ.மீ. தாண்டட்டும், வாடிய பயிரைத் தொடவே விடாதீர்கள்.

தூர்க்கணக்கு:

பகல் நீளத்தை யாரும் சேர்க்கவில்லை. நெல்லும் சோளமும் குறும்பகல் பயிர்கள். பழைய ரகங்களில் பல பகல் நீளம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் கதிர் விடும். 10 டிகிரி அட்சரேகையில் பகல் ஆண்டுக்குள் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடத்திலிருந்து 12 மணி 40 நிமிடம் வரை. 30 டிகிரியில் 10 மணி 15 நிமிடத்திலிருந்து 14 மணி வரை.

அத்தகைய ரகத்தைக் குறும்பகலில் அறுத்தால் மறுதாம்பு அவசர அவசரமாகக் கதிர் தள்ளும். இரண்டு சாண் உயரம், விரல் நீளக் கதிர். பகல் நீண்டுகொண்டே போகும் நேரத்தில் தாழ அறுத்தால் தழை தழையாக வளர்ந்து, கதிரே காட்டாமல் நிற்கும். தீவனத்துக்கு அது வரம், தானியத்துக்கு நட்டம். பருவம் மாற்றி மறுதாம்பு விடப் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகம்தான் பாதுகாப்பு.

வரப்போரம்:

வீரிய ஒட்டு ரகத்தில் மறுதாம்பு விட்டால் வீரியம் குறையும் என்கிறார்களே?

நெடுந்தாள்:

குறையாது. அதே செடிதான் மறுபடி தளிர்க்கிறது, மரபு மாறவில்லை. விளைந்த மணியை விதைத்தால்தான் அடுத்த தலைமுறையில் பிரியும், அது தாய்ப்பயிர் மணிக்கும் பொருந்தும். சீனாவில் மறுதாம்புக்கு ஒட்டு ரகங்களே பெருமளவு பயன்படுகின்றன.

பருவமும் மறுதாம்பும் சேர்ந்து வேலை செய்யும் அருமையான இடம் ஒட்டு நெல் விதை உற்பத்தியில் உண்டு. வெப்பத்துக்கு ஏற்ப ஆண்மலடாகும் (மகரந்தம் பயன்படாமல் போகும்) தாய் நெல் வகைகள், மகரந்தம் உருவாகும் கட்டத்தில் ஏறத்தாழ 24 டிகிரிக்கு மேல் இருந்தால் மலடு, கீழே இருந்தால் வளம். மலடாக நின்ற நல்ல செடிகளைத் தேர்ந்து தாளை அறுத்து, மறுதாம்பின் அந்த நுட்பமான கட்டம் குளிர்ப் பருவத்தில் விழும்படி செய்தால் அதே செடியே மணி பிடித்துத் தன் விதையைத் தரும்.

வயல்நோட்டம்:

பூச்சி நோய்ப் பக்கம். மறுதாம்பு வயல் சுற்றுவட்டாரத்தில் தனிப் பச்சையாக நின்றால் எல்லாப் பூச்சியும் அங்கேதான் வரும். பச்சைத் தத்துப்பூச்சி துங்ரோ என்ற வைரஸ் நோயைக் கடத்தும், புகையான் குட்டை நோய்களைக் கடத்தும். நோய் கண்ட தாய்ப்பயிரில் மறுதாம்பு விடுவது அடுத்த பருவத்து நாற்றங்காலுக்கு நோயைப் பத்திரமாகச் சேர்த்துக் கொடுப்பதுதான். தாளைப் பிளந்து பாருங்கள்: தண்டுத்துளைப்பான் புழு பரவலாக இருந்தால் உயர அறுப்பு அதற்கு வீடு. அந்த வயலைத் தாழ அறுத்து உழுதுவிடுங்கள். விடுவதென்றால் ஊர் சேர்ந்து ஒரே வாரத்தில் விடுங்கள்; ஒருவர் விட்டால் எலியும் குருவியும் அவருக்கு மட்டும்.

செஞ்சாமரம்:

ஒருமுறை நட்டு ஆண்டுக்கணக்கில் அறுக்கும் நெல் பற்றியும் ஒரு வரி. சீனாவின் யுனான் பல்கலைக்கழகம் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட பிஆர்23 ரகம், பயிரிடும் நெல்லோடு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லை ஒட்டி வந்தது. நான்கு ஆண்டில் எட்டு அறுவடை, ஒவ்வொன்றும் சராசரி எக்டேருக்கு 6.8 டன் என்று பதிவாகியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் சரிந்தது. அதற்கும் எல்லை போடுவது குளிர்காலம்தான். உறைபனி விழும் இடத்தில் தாள் பிழைக்காது. குளிர்நாட்டுப் பல்லாண்டுத் தானியமான கெர்ன்சாவில் நிலைமை தலைகீழ்: குளிர்காலம் கடக்காமல் அது கதிரே விடாது.

வரப்போரம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பட்டை மிதிபட்ட இடம் பச்சை, மற்ற இடம் பழுப்பு என்று நின்றால் எப்போது அறுப்பது?

நீர்க்கட்டு:

மிதிபடாத இடத்துக் கதிர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், பச்சைப் பட்டைக்காக ஒரேயடியாகக் காத்திருக்கவும் வேண்டாம். வயல் முழுவதையும் சேர்த்துப் பத்தில் ஒன்பது மணி பழுத்திருந்தால் அறுக்கலாம். குளிர் நோக்கிப் போகும் பருவத்தில் முதிர்ந்த மணி சீக்கிரம் உதிராது, வெடிப்பும் குறைவு. ஒரு வாரம் பொறுக்கலாம். இதமான குளிரில் முதிர்ந்த மறுதாம்பு அரிசியில் வெள்ளைப் பொட்டு குறைந்து, அரவையில் முழு அரிசி கூடுவதும் உண்டு. வெயில் ஏறும் பருவத்தில் அந்தப் பொறுமை கூடாது. முதலில் பழுத்தவை காய்ந்து அரவையில் நொறுங்கும்.

நாளின் சராசரி 15 டிகிரிக்கு அருகில் இறங்கி, பச்சைப் பட்டையில் மணியை நசுக்கினால் இன்னும் பால்தான் வருகிறது என்றால் அது இனி நிரம்பாது. அந்தப் பட்டைகளை விட்டு மற்றதை அறுத்து, மீதியைத் தீவனத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து அறுத்தால் பச்சை மணியின் ஈரம் குவியல் முழுவதையும் சூடாக்கும். அன்றைக்கே பரப்பி, ஈரத்தை 14 சதவீதத்துக்கு இறக்கிய பிறகே மூட்டை பிடியுங்கள்.